எட்டாத இடத்து நட்டுகள்

இடது கை ஆள்காட்டி விரலின் நுனியில் ஒரு துண்டு டேப்பைப் பசை வெளியே இருக்கும்படி சுற்றி, அதன்மேல் ஒரு நட்டை ஒட்டவைத்து, சிஸ்டர் கையை உள்ளே விடுகிறார். உள்ளே என்றால், விமானத்தின் முன்பலகைக்குப் பின்னால். வயர்களும் குழாய்களும் தகட்டு விளிம்புகளும் போக அங்கே மிச்சமிருக்கும் இடம் ஒரு சோப்புப் பெட்டி அளவுதான். முழங்கை வரை போனதும் கண்ணை மூடிக்கொள்கிறார். "கண்ணத் தொறந்து வெச்சிருந்தா அது குறுக்க குறுக்க பேசும். விரலுக்குக் காது கேக்காது" என்பது அவர் கட்சி.

பிறகு உதடுகள் அசையத் தொடங்குகின்றன. "வா கண்ணு... பயப்படாத... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான்... தலை தெரியுது... இப்ப விட்டுடாத தங்கம்..."

பலகையின் மறுபக்கம், ஸ்டூலில் உட்கார்ந்து போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டிருக்கும் மாமியார் குரல் கொடுக்கிறார்: "என்ன ஆச்சு?"

"புடிச்சுக்கிச்சு அத்தை."

"ஆணா, பொண்ணா?"

"நட்டு."

எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே சிஸ்டர்தான். பிரசவ வார்டில் தலைமை நர்ஸ். பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் இந்தத் தெருப் பிள்ளைகளில் பாதி, உலகத்துக்கு வந்ததும் முதலில் அவர் கையில்தான் அழுதன. குள்ளமான, தோள் அகன்ற உடம்பு. கைகள் மட்டும் வேறு யாருடையதையோ வாங்கி மாட்டிக்கொண்டதுபோல் மெலிந்து நீண்டிருக்கும். முழங்கைக்குக் கீழே சிராய்ப்பு இல்லாத இடமே கிடையாது. வங்கியில் கையெழுத்துப் போடும்போது கவுன்டரில் இருந்த பெண், "பூனை வளக்கறீங்களா மேடம்?" என்று பரிவாகக் கேட்டாளாம். "இல்லம்மா, ஏரோப்ளேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அவர் வீட்டில் கார் தெருவில் நிற்கும். கார் ஷெட்டில் விமானத்தின் உடல் நிற்கும். கூடத்தில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு இறக்கைகள் விளிம்பில் நிறுத்திவைக்கப்பட்டிருப்பதால், வருகிற விருந்தாளி முதுகைச் சாய்க்காமல் உட்கார வேண்டும். குளியலறைக் கதவுக்குப் பின்னால் போர்வை சுற்றிய விமானச் சுக்கான் ஒன்று சாய்ந்திருக்கும். தெரியாமல் கதவைத் தள்ளுகிறவர்களுக்கு உள்ளே ஆள் இருப்பதுபோல் தோன்றும். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் குழிகளில் வாஷர்கள், அளவு வாரியாக. "முட்டை எங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அது உடைஞ்சா வேற வாங்கிக்கலாம்" என்றார்.

ஸ்பேனர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. கடையில் வாங்கியது வாங்கியபடி இருக்கும் ஸ்பேனர் அவரிடம் அபூர்வம். ஒன்றை நடுவில் வெட்டியிருப்பார், அது 'குட்டையன்'. ஒன்றை அடுப்பில் காய்ச்சி வளைத்திருப்பார், அது 'கோணவாய்'. எந்தச் சந்திலும் மூக்கை நுழைக்கும் மெல்லிய ஒன்று 'நாத்தனார்'. ஆணியில் தனியாக, பளபளப்பாகத் தொங்கும் பெரிய ஸ்பேனருக்கு ஆஸ்பத்திரித் தலைமை மருத்துவரின் பட்டம். "பாக்க கம்பீரமா இருக்கும். எந்த இடத்துக்கும் ஆகாது."

நான் எதிர்வீடு. பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று தெரிந்ததிலிருந்து 'எழுதறவரே' என்றுதான் கூப்பிடுவார். பேட்டி எடுக்கலாம் என்று போன முதல் நாளே என் கையில் டார்ச்சைக் கொடுத்து, "பேனாவ கீழ வெச்சுட்டு இதப் புடிங்க. மேல இல்ல, கீழ. உங்க மூஞ்சிக்கு இல்ல, நட்டுக்கு" என்றார். அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்டதுதான் இது எல்லாம்.

விமானத்தைத் தொடங்கியது அவரில்லை, அவர் கணவர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவர். தகடு வெட்டுவதும் ரிவெட் அடிப்பதும் அவருக்குக் கைவந்த வேலை. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தைப் பாகம் பாகமாகப் பெட்டியில் வரவழைத்து வீட்டிலேயே கட்டலாம் என்று எங்கோ பார்த்துவிட்டு, பெட்டிகளை இறக்கினார். உடலின் மேல்தகடெல்லாம் அவர் அடித்ததுதான். ரிவெட் வரிசை ஒவ்வொன்றும் நூல் பிடித்ததுபோல் இருக்கும். சிஸ்டரே சொல்வார்: "வெளிய தெரியற வேலை அவரு மாதிரி யாரும் செய்ய முடியாது. அதச் சொல்லாம விட்டா எனக்கு நாக்கு அழுகிடும்."

பாதியில், ஒரு மழைக்காலத்தில், "கொஞ்சம் தனியா இருந்து யோசிக்கணும்" என்று ஒரு பையோடு கிளம்பி வேறு ஊரில் அறை எடுத்துக்கொண்டார். சண்டை இல்லை, அழுகை இல்லை. வருஷங்கள் போயின.

"இன்னும் யோசிச்சு முடிக்கலபோல" என்பார் மாமியார். "சின்ன வயசுலயே அவன் கணக்குல மெதுவுதான்."

மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். மகன் போனபிறகு, மகள் வீட்டிலிருந்து கார் அனுப்பினார்கள். காரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். எழுப்பப் போன சிஸ்டரிடம், "உனக்குச் சம்மதம்னா இருக்கேன். இல்லேன்னா கார் நிக்குது" என்றாராம். கார் காலியாகத் திரும்பியது. "அவரு விட்டுட்டுப் போனது மூணு" என்று சிஸ்டர் கணக்குச் சொல்வார். "நானு, பாதி விமானம், அவங்க அம்மா. தேறுமா தேறாதான்னு மூணையும் பாத்தேன். மூணையும் வெச்சுக்கிட்டேன்."

ஆனால் விமானத்தை உடனே வைத்துக்கொண்டுவிடவில்லை. எல்லோரும் சொன்னதுபோலவே அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடத்தான் இருந்தார். கடைக்காரர் தராசோடு வந்தார். வால் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே ஏதோ கடகடவென்றது. எலி ஏதாவது குடும்பம் நடத்துகிறதோ என்று சிஸ்டர் வால்கூட்டின் ஓட்டைக்குள் கையை விட்டார். தட்டுப்பட்டது ஒரு நட்டு. அது போல்ட்டின் நுனியில் சும்மா தொற்றிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் சுழற்றியதும் சுழன்றது.

கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து உள்ளே பிடித்துப் பார்த்தார். நட்டின்மேலும் தகட்டின்மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தது. சரியான அளவுக்கு இறுக்கியாயிற்று, இனி இதைத் தொட வேண்டாம் என்பதற்கு விமானக்காரர்கள் போடும் அடையாளம் அது. பக்கத்து நட்டிலும் கோடு. அதுவும் தொளதொளவென்றுதான் இருந்தது. கை சுலபமாக எட்டும் இடங்களில் எல்லாம் கச்சிதம். எட்டாத இடங்களில் நட்டுக்குப் பதில் கோடுதான் இறுக்கமாக இருந்தது.

"அவரு போனப்ப எனக்குக் கோவம் வரல எழுதறவரே. சத்தியமா வரல. அந்தக் கோட்டப் பாத்தப்பதான் வந்துது. யாருக்குப் போட்ட கோடு அது? அவரேதான ஏறிப் பறக்கறதா இருந்தாரு?"

காயலான் கடைக்காரரிடம், "தராச எடுத்துக்கிட்டு கெளம்புங்க" என்றார். அவர் விலையைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார். சிஸ்டர் ஷெட் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய யூனிஃபார்ம் கோட்டை எடுத்து, அதன் இரண்டு கைகளையும் தோளோடு கத்தரித்தார். கையை உள்ளே விட இடைஞ்சலாக இருக்கக் கூடாது அல்லவா. அந்தக் கோட்டைத்தான் இன்றுவரை போட்டுக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு ஊர் வாயை மூடவில்லை. அவரும் மூடவில்லை. "இந்த வயசுல எதுக்கு சிஸ்டர் ரிஸ்க்?" என்று கேட்ட டாக்டரிடம், "தினமும் உங்க கையெழுத்தப் படிச்சு மருந்து குடுக்கறேனே, அதவிடவா?" என்றார். "கீழ விழுந்தா என்னக்கா பண்ணுவ?" என்ற தம்பியிடம், "மேல போனா நீ என்ன பண்ணுவ?" என்றார். "வீட்டுக்காரர் இல்லாம தனியாவா?" என்று இழுத்த பக்கத்து வீட்டு அம்மாளின் கையில் டார்ச்சைக் கொடுத்தார். அந்த அம்மாள் இப்போது ஸ்பேனர் அளவுகளைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

கணவர் போட்ட ஒவ்வொரு நட்டையும் தொட்டார். தொட்டதில் கோளாறானதை எல்லாம் கழற்றிப் புதிது போட்டார். ஆசிரியர் யாரும் கிடையாது. புத்தகங்கள் இருந்தன, எங்கோ இதேபோல் ஷெட்டில் விமானம் கட்டுகிறவர்கள் எடுத்துப் போட்ட வீடியோக்கள் இருந்தன. தானாகக் கண்டுபிடித்ததும் நிறைய. வாஷர் நழுவாமல் இருக்க அதை நட்டோடு ஒரு சொட்டுப் பசையால் ஒட்டுவது, சாக்கெட்டுக்குள் டேப்பை மடித்துவைத்து நட்டைக் கவ்வச் செய்வது, கை திரும்பாத இடத்தில் ஸ்பேனரை ஒரு பல் அளவு திருப்பி, எடுத்து, மறுபடி மாட்டி, மறுபடி ஒரு பல் திருப்புவது. அப்படி ஒரே நட்டோடு ஒரு மத்தியானம் முழுக்கப் போகும். "முதல் பிரசவம் இதவிட நேரம் எடுக்கும்" என்பார்.

விமானத்தில் போடுகிற நட்டுகளில் பல, உள்ளே நைலான் வளையம் வைத்தவை. அந்த வளையம் போல்ட்டின் மரையைக் கவ்விக்கொள்வதால் அதிர்விலும் கழன்றுவிடாது. ஆனால் அதனாலேயே ஒரு தொல்லை: தகட்டைத் தொடுவதற்கு முன்பே இறுகிவிட்டதுபோல் முரண்டு பிடிக்கும். அறியாதவர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சிஸ்டர் நிறுத்துவதில்லை. "முறுக்கிக்கிட்டு நிக்கறதெல்லாம் இறுக்கம் ஆயிடாது. எங்க வார்டு வாசல்ல சில மாப்பிள்ளைங்க வந்து நிப்பாங்க பாருங்க, அப்படி முறுக்குவாங்க. உள்ள கூப்பிட்டா மயக்கம் போட்டு விழுவாங்க."

ஒருமுறை ஒரு வாஷர் கைதவறி விமானத்தின் வயிற்றுக்குள் விழுந்துவிட்டது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. பறக்கும்போது அது உருண்டுபோய் ஏதாவது கம்பியில் சிக்கினால் என்னவாகும் என்று அவர் விவரித்ததைக் கேட்டபிறகு எனக்கே வியர்த்தது. தெருவையே கூப்பிட்டார். நாங்கள் பாதித் தெரு ஆட்கள் சேர்ந்து விமானத்தின் உடலைத் தூக்கித் தூளி ஆட்டுவதுபோல் இடமும் வலமும் ஆட்ட, அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டித் தகடு தகடாக வைத்துக் கேட்டார். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்... மூச்சு விடாதீங்க எல்லாரும்... இங்கதான் இருக்கான்!" நாத்தனாரின் நுனியில் காந்தத்தைக் கட்டி வெளியே எடுத்தார். தெரு கைதட்டியது. அவர் தட்டவில்லை. அன்றிலிருந்து உள்ளே போகும் ஒவ்வொரு வாஷருக்கும் இடுப்பில் நூல் கட்டித்தான் அனுப்புகிறார். நட்டு ஏறியபிறகு நூலை உருவிக்கொள்வார்.

விமானம் முடியும் தறுவாயில் இருக்கிறது என்று யாரோ படம் எடுத்துப் பரப்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் வந்து நின்றார். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல வாசனை. பழகினால் யாருக்கும் பிடித்துப்போகிற மனிதர். ஷெட்டில் நுழைந்து விமானத்தின் பக்கவாட்டை உள்ளங்கையால் மெல்லத் தடவினார். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை.

"பரவாயில்லையே, முடிச்சுட்டியே! நம்ம விமானம்..."

"நம்மன்னா? நானும் அத்தையும்தானே?" என்றார் சிஸ்டர், வேலையிலிருந்து நிமிராமல்.

"சரி, கோவிச்சுக்காத. பறக்க அனுமதி குடுக்கற இன்ஸ்பெக்டர் எப்ப வராரு? அவங்ககிட்ட எல்லாம் எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும். நான் கூட இருக்கேன்."

"வாலுக்குள்ள சிவப்புக் கோடு போட்டு வெச்சிருந்தீங்களே, அது எதுக்கு?"

அவருக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. பிறகு சிரித்தார். "அதுவா! அப்புறம் சாவகாசமா இறுக்கிக்கலாம்னு ஒரு ஞாபகத்துக்குப் போட்டது. அந்த மூலைக்குள்ள யாரு போய்ப் பாக்கப் போறா?"

"நான் போய்ப் பாத்தேன் சார்."

சிஸ்டருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். 'நீங்க'வைத் தாண்டி 'சார்' வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் பேச்சை மாற்றிவிடுவது நல்லது. வார்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கணவர் வருஷக்கணக்கில் ஊரில் இல்லாததால் மறந்திருக்கக்கூடும்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று கணவரும் வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் பேச்சே இல்லாத மனிதர். நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று, டார்ச் ஒன்று, நுனி வளைந்த ஊசி போன்ற கொக்கி ஒன்று. காபி வேண்டாம் என்றார். நாற்காலி வேண்டாம் என்றார். முன்பலகை, பெடல்கள், பெட்ரோல் டாங்க், இறக்கை சேரும் இடம் என்று ஒவ்வொரு மூலையிலும் கண்ணாடியை நுழைத்துப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். சிஸ்டர் கைகட்டி நின்றார், கன்னம் சிவந்து, ஒன்றும் அகப்படாது என்ற நிச்சயத்தில்.

வால் இறக்கையை உடலோடு பிணைக்கும் போல்ட்டுக்கு வந்தபோது இன்ஸ்பெக்டர் நின்றார். கொக்கியை உள்ளே விட்டு எதையோ நெருடினார். மறுபடி நெருடினார். பிறகு விலகி நின்று, "நீங்களே தொட்டுப் பாருங்க மேடம். நட்ட இல்ல. அடியில இருக்கற வாஷர" என்றார்.

சிஸ்டர் கையை விட்டார். கண்ணை மூடினார். உதடு அசையவில்லை. அந்த முகத்தின் சிவப்பு வடிந்துபோனதை நான் பார்த்தேன்.

"சுத்துது" என்றார்.

"ஆமா. நட்டு நல்லா டைட்டாதான் இருக்கு. ஆனா எதையும் புடிக்கல. போல்ட் கொஞ்சம் நீளம். மரை முடிஞ்சு போற இடத்துல நட்டு முட்டிக்கிட்டு நின்னுடுச்சு. அளவுக்கு இறுகிடுச்சுன்னு உங்க ரென்ச் 'டிக்'னு சொல்லியிருக்கும், நீங்களும் நம்பியிருப்பீங்க. இன்னொரு வாஷர் போட்டிருக்கணும்."

"பழைய வேலையா இருக்கும்" என்று நான் வாயைவிட்டேன். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல. இது நான் போட்டது."

சரிசெய்துவிட்டுச் சொல்லியனுப்புங்கள், மறுபடி வருகிறேன் என்று இன்ஸ்பெக்டர் புறப்பட்டார். கணவர் அவரோடு வாசல்வரை சிரித்துப் பேசிக்கொண்டே போய்த் திரும்பிவந்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. "பாத்தியா? யாரா இருந்தாலும் தப்பு வரத்தான் செய்யும். அந்த ஒண்ண மட்டும் மாத்திடு, மிச்சத்த நான் பேசிக்கறேன்."

சிஸ்டர் சமையலறைக் குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அழுக்குப் போனபிறகும் கழுவினார். "அவரு போட்டத ஒண்ணுவிடாம சந்தேகப்பட்டேன் எழுதறவரே" என்றார், குழாயைப் பார்த்தபடி. "நான் போட்டத ஒண்ணக்கூடச் சந்தேகப்படல." பிறகு குழாயை மூடினார். "எல்லாத்தையும் பிரிக்கறேன்."

"எல்லாத்தையுமா? அவரு ஒண்ணுதானே சொன்னாரு!" என்று கணவர் பதறினார்.

"அவருக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது சார்."

லீவு போட்டார். தான் போட்ட போல்ட் ஒவ்வொன்றின் அடியிலும் வாஷரை நகத்தால் நெருடிப் பார்த்தார். கைக்கு எட்டாத இடத்தில் எதையெதையெல்லாம் கழற்றினால் எட்டுமோ அதையெல்லாம் கழற்றினார். பெட்ரோல் டாங்க் மறுபடி வெளியே வந்தது. இருக்கைகள் கூடத்துக்குப் போயின. மாமியார் ஒன்றில் உட்கார்ந்து டி.வி. பார்த்தார். கடைசியில், கோளாறு வேறு எதிலும் இல்லை, அந்த வால் போல்ட்டில் மட்டும்தான் என்று தெரிந்தது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த போல்ட்டை மாற்றும் நாள். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து கை போகாது. இருக்கைகள் இருந்த இடத்தின் வழியாக, ஒரு பலகையைப் போட்டுக் குப்புறப் படுத்து, வால்கூட்டுக்குள் தவழ்ந்து போய், கையைத் தலைக்கு முன்னால் நீட்டி நட்டைப் பிடிக்க வேண்டும். வெளியே ஒருவர் போல்ட்டின் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். மாமியார் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அம்மாவுக்கு எதுக்குச் சிரமம்? நான் புடிக்கறேன்" என்றார் கணவர்.

சிஸ்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். குட்டையனை எடுத்து, துடைத்து, அவர் கையில் கொடுத்தார். "நான் சொல்றவரைக்கும் விடாதீங்க. அவ்வளவுதான் வேலை." குரலில் 'சார்' இல்லை. நாத்தனார், கோணவாய், புதுநட்டு, நூல் கட்டிய வாஷர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்தபோது, அவர் முகத்தில் இருந்தது என்ன என்று நான் சொல்லத் துணியமாட்டேன். விமானத்தைப் பற்றியது மட்டுமில்லை அது.

உள்ளிருந்து முனகல் கேட்டது. "வா கண்ணு... இரு, இரு... ஆங்..." பழைய நட்டு வந்துவிட்டது. புது வாஷர் உட்கார்ந்துவிட்டது. புது நட்டு ஏறத் தொடங்கியது. கணவர் வெளியே ஒழுங்காகத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வைகூட வந்திருந்தது. அப்போது அவர் பையில் போன் அடித்தது. ஒருமுறை அடித்து நின்றது. மறுபடி அடித்தது. "ஒரே நிமிஷம்" என்று சொல்லி ஒரு கையை எடுத்தார். ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது.

உள்ளே போல்ட் நட்டோடு சேர்ந்து சுழன்று, அங்கிருந்த ஸ்பேனரும் வழுக்கி, சிஸ்டரின் கைமுட்டி தகட்டு விளிம்பில் போய் மோதியது. சத்தம் எங்களுக்கே கேட்டது. சிஸ்டர் பின்னோக்கித் தவழ்ந்து வெளியே வந்தார். மூன்று விரல் முட்டிகளிலும் தோல் உரிந்து ரத்தம் சொட்டியது. கணவர் போனைக் காதில் வைத்தபடியே வெளிறிப்போய் நின்றார்.

"அவசரமா இருக்கும் சார். பேசிட்டு வாங்க" என்றார் சிஸ்டர். "நிதானமா பேசுங்க சார்."

மாமியார் குனிந்து ஸ்பேனரை எடுத்தார். மகனை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் போல்ட்டின் தலையைப் பிடித்தார். "எக்ஸ்சேஞ்சுல ஒரு லைன நான் விட்டதா ஒருத்தர் சொல்லட்டும். போம்மா உள்ள. லைன்ல இருக்கேன்."

முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு சிஸ்டர் மறுபடி உள்ளே போனார். கணவர் ஷெட் வாசலில் நின்றார். போன் எப்போதோ பைக்குள் போய்விட்டது. உள்ளே சிஸ்டர் நட்டை மறுபடி கழற்றி எறிந்து, இன்னொரு புதியதை ஏற்றினார். ஒவ்வொரு பல்லாக ஸ்பேனர் திரும்பியது. மாமியாரின் கை நடுங்கத் தொடங்கி, நடுக்கம் தோள்வரை ஏறியது. "அத்தை, முடியலேன்னா சொல்லுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பேச்ச வளக்காத, டிரங்க் கால் மாதிரி நேரம் ஓடுது" என்றார் மாமியார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ரென்ச் 'டிக்' என்றது. மாமியார் விடவில்லை. உள்ளே இப்போது நகம் வாஷரை நெருடுகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

"சுத்தல அத்தை."

அதன்பிறகுதான் மாமியார் கையை எடுத்தார். விரல்கள் நீளவில்லை, நானும் பக்கத்து வீட்டு அம்மாளும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டோம்.

இன்ஸ்பெக்டர் இரண்டாம் முறை வந்தார். கொக்கியால் நெருடினார். வாஷர் மசியவில்லை. இந்த முறை காபி கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் பாராட்டிய விதம் அதுதான் போலிருக்கிறது. விமானம் லாரியில் திடலுக்குப் போய் இறக்கைகளை மாட்டிக்கொண்டது. முதல் பறப்புகளைப் பயிற்சியாளர் ஒருவர் தனியாகச் செய்து பார்த்தார். அவரிடம்தான் சிஸ்டர் ஷிஃப்ட் முடிந்த நாட்களில் எல்லாம் போய் ஓட்டக் கற்றிருந்தார். பிறகு சிஸ்டரே தனியாகப் பறந்தார். திரும்பி இறங்கியதும், "எப்படி இருந்துது?" என்று வாயைப் பிளந்து கேட்டேன். "வேலையா இருந்தேன், பாக்கல" என்றார்.

சோதனைகள் எல்லாம் தீர்ந்து, இரண்டாவது இருக்கையில் ஆளை ஏற்றலாம் என்று அனுமதி வந்தது. அன்று நாங்கள் பலர் ஊருக்கு வெளியே இருக்கும் அந்தச் சின்ன விமானத் திடலுக்குப் போயிருந்தோம். புல்தரை, காற்று, கம்பிவேலியில் படபடக்கும் துணிக்கொடி. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகள் வைத்து விமானம் நின்றது. அதன் பக்கத்தில் கணவர், மடிப்புக் கலையாத சட்டையில். யாரோ படம் எடுக்க, மூக்குப் பக்கம் கைவைத்து நின்றார். பெருமையாகவும் கொஞ்சம் திருட்டுத்தனமாகவும் இருந்தது அவர் நின்ற விதம்.

சிஸ்டர் இறக்கைமேல் ஏறி, மாமியாரைக் கைபிடித்து மேலே ஏற்றினார். கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்து, இருக்கையில் உட்காரவைத்து, வாரை மாட்டி, இழுத்துப் பார்த்தார். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். மாமியார் அதைச் சரிசெய்துகொண்ட தோரணையில் ஐம்பது வருஷம் ஒரு நொடியில் குறைந்தது. "எந்த ஊர் வேணும்? சீக்கிரம் சொல்லுங்க" என்றார் வெற்றுவெளியைப் பார்த்து. நாங்கள் சிரித்தோம்.

கணவர் கீழேயிருந்து, தயங்கித் தயங்கி, "அம்மாவுக்குத் தலை சுத்தும்... நான் வேணா முதல்ல ஒரு ரவுண்டு வந்துட்டு..." என்றார்.

சிஸ்டர் இறக்கையிலிருந்து இறங்கினார். குனிந்து, சக்கரங்களிலிருந்து மரக்கட்டைகளை உருவினார். கயிறு தொங்கும் அந்தக் கனத்த கட்டைகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு நிமிர்ந்து, கணவரின் சட்டையோடு சேர்த்து அழுத்தி அவர் கைகளில் வைத்தார். கிரீஸ் சட்டையில் பட்டது. அவர் வாங்கிக்கொண்டார்.

"நான் இறங்கி வரவரைக்கும் கீழ வெக்காதீங்க" என்றார்.

பிறகு மேலே ஏறி உட்கார்ந்து, கண்ணாடி மூடியை இழுத்துச் சாத்தி, உள்ளிருந்து கொக்கியைப் போட்டார்.